பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும் கல்

பாலாவிச் சந்தியில் ஒரு பாதை கற்பிட்டிக்குப் பிரிகிறது. நேரே போகும் பாதை புத்தளத்தைத் தொடுகிறது. அங்கிருந்து நொச்சியாகம ஊடாக அநுராதபுரம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். காலையில் புறப்பட்டால் இரவில் வீடு திரும்பிவிடலாம். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர், ஒரே நாளில் பத்து இடங்கள் என்று அநுராதபுரச் சுற்றுலாவைத் திட்டமிடுவதே நம் வழக்கம். அந்தக் கணக்கை மாற்ற வேண்டும். பழைய நகரம் ஒன்றைப் பார்ப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர், விடயம் அறிந்த ஒரு வழிகாட்டி, மூன்று நான்கு இடங்கள் போதும். அதற்கு மேல் கூட்டுகிற ஒவ்வொன்றும் பார்வையைக் குறைத்துவிடும்.

காரணம் அநுராதபுரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில் தலைநகராகி, சோழர் ஆட்சி வந்த 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலைத்த ஊர் அது. அதன் பெருமையில் ஒரு பகுதி மட்டுமே தூரத்திலிருந்து தெரியும். மகாசேன மன்னன் தொடங்கிய ஜேதவனத் தூபி ஆதியில் 122 மீற்றர் உயரம். ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் அதில் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதன் பிரமாண்டத்தைக் காண வழிகாட்டி வேண்டியதில்லை. ஆனால் அபயகிரி விகாரையின் இரட்டைக் குளத்துக்கு வாருங்கள். நிலத்தடிக் கால்வாயால் வந்த நீர், வண்டலை அடியில் தங்கவிடும் சிறு தொட்டியைக் கடந்த பிறகே மகர வாய் வழியாகக் குளத்தில் விழுந்தது. அந்தத் தொட்டியைச் சூழப் பத்துப் பேர் நிற்கலாம். ஐம்பது பேர் வந்தால் நாற்பது பேருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். குளத்தைப் பார்த்தும் அதன் அறிவைப் பாராமலே அவர்கள் திரும்புவார்கள்.

தமிழ் பேசும் நமக்கு இது இன்னும் முக்கியமானது. அபயகிரிப் பகுதியில் உள்ள ஒரு பாறையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் ஒரு சாசனம் இருக்கிறது. தமிழ் இல்லறத்தார் கூடுவதற்கான மேடை அது என்றும், அதை அமைத்தவன் சமணன் என்ற பெயருடைய தமிழன் என்றும் அது சொல்கிறது. அங்கே இருக்கை பெற்றவர்களில் ஒருவன் கப்பல் தலைவன். தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் 1890களில் அகழ்ந்த பகுதியில் சிவன் கோயில்களின் அடித்தளங்களும் தமிழ்க் கல்வெட்டுகளும் வெளிப்பட்டன. பௌத்த உலகின் இந்தப் பெருநகரில் வணிகரும் மாலுமிகளும் வேற்றுமொழியாரும் வாழ்ந்தார்கள் என்பதற்கு இவை சான்று. எழுத்து தெரியாத கண்ணுக்கு அந்தப் பாறை வெறும் பாறைதான். அதைத் தமிழில் வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

வழிகாட்டி என்பது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்பார்கள். புத்தளக் கரையின் வரலாறே இதற்கு மறுமொழி சொல்லும். 1344இல் இங்கே இறங்கிய பயணி இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைக் காண விரும்பினார். மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் சுமைகாரர் பதினைந்து பேரும் கொடுத்தார். அவற்றோடு, ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகியர் நால்வரையும் அனுப்பினார். உலகம் சுற்றியவருக்கும் வழி அறிந்தவர் துணை தேவைப்பட்டது. செலவு பற்றிய கவலை நியாயமானதே. ஒரு வானில் பன்னிரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் வழிகாட்டியின் கட்டணம் ஒருவருக்குப் பெரும் சுமையாகாது. பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸிலேயே போகட்டும். இறங்கிய பிறகு நான்கு குழுக்களாகப் பிரிந்து, முன்கூட்டியே தயாரான ஆசிரியர் ஒருவருடன் ஒவ்வொரு குழுவும் நடக்கட்டும்.

வழிகாட்டி ஒருபக்கக் கதை சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. சிறு குழுவில்தான் அதற்கும் பரிகாரம் உண்டு. அங்கே பார்வையாளர் குறுக்கே கேட்க முடியும். உதாரணமாக, 19ஆம் நூற்றாண்டில் தமிழ் மன்னன் எல்லாளனின் சமாதி என்று அழைக்கப்பட்ட மேட்டைப் பின்னர் தொல்லியலாளர்கள் தக்கிண தூபி என இனங்கண்டார்கள். நல்ல வழிகாட்டி இரண்டையும் சொல்வார். எல்லாளனை வென்ற துட்டகைமுனு, அவன் நினைவிடத்துக்கு மரியாதை செய்யும்படி ஆணையிட்டதாக மகாவம்சம் கூறுவதையும் சொல்வார். நூல் சொல்வது எது, கல் சொல்வது எது, மண்வெட்டி காட்டியது எது என்று பிரித்துக் காட்டுவதுதான் அவர் வேலை. அப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, ஊர் திரும்பிய பிறகு, கற்பிட்டிக் கோட்டையின் ஒல்லாந்தர் சுவரையும் கேள்வியோடு பார்க்கும். பத்து இடங்களை எண்ணிவிட்டு வருவதைக் காட்டிலும் இந்தப் பழக்கமே பயணத்தின் பெரிய பேறு.