ஓடுபாதை வாசலில் ஒரு சிவப்புக் கோடு

மேலெழும்பப் போகும் பயணிகள் விமானம் ஓடுபாதையில் மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். அந்த நேரத்தில் குறுக்கே இன்னொரு விமானமோ வண்டியோ வந்துவிட்டால் நிறுத்த வழியில்லை. இந்த அத்துமீறலைத் தடுக்கவே தரையில் விளக்குகளைப் பதிக்கிறார்கள்.

விமானம் ஊர்ந்து செல்லும் டாக்சிவேயின் நடுக்கோட்டில் பச்சை விளக்குகள், ஓரங்களில் நீலம். ஓடுபாதையை நெருங்கும் இடத்தில் இருபுறமும் மஞ்சள் விளக்குகள் மாறி மாறி மின்னி எச்சரிக்கும். அங்கேயே பாதையின் குறுக்கே சிவப்பு விளக்குகள் வரிசையாக எரியும். இதுதான் ‘ஸ்டாப் பார்’. சக்கரங்கள் மேலே ஏறிப் போகும்படி தரைமட்டத்தோடு பதிக்கப்பட்டவை இவை. கட்டுப்பாட்டு அதிகாரி ரேடியோவில் அனுமதி தந்து, சிவப்பை அணைப்பார். அதற்கப்பால் பச்சை வரிசை எரியும். விமானம் கடந்ததும் சிவப்பு மீண்டும் எரியும். காதில் விழுந்த அனுமதி சரிதானா என்று விமானி கண்ணாலும் உறுதி செய்துகொள்ளலாம்.

சிவப்பு எரிந்தால் மட்டும் போதாது. அனுமதி கிடைக்கும்போது அது அணையவும் வேண்டும். 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையத்தில் அடர்ந்த மூடுபனி. வழி தவறிய சிறிய செஸ்னா விமானம் ஒன்று, எரிந்துகொண்டிருந்த சிவப்பு வரிசையைத் தாண்டி ஓடுபாதைக்குள் நுழைந்தது. புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் பயணிகள் விமானம் அதில் மோதியது. 118 பேர் இறந்தார்கள். அந்தச் சிவப்பு விளக்குகளை இயக்கவோ அணைக்கவோ கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வசதி இல்லை. எப்போதும் எரியும் சிவப்பு, நில் என்று சொல்லும் வலிமையை இழந்துவிடுகிறது.

அமெரிக்கா இன்னொரு படி மேலே போனது. எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் உருவாக்கிய ஓடுபாதை நிலை விளக்குகள், 2005இல் டல்லாஸ் – ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் சோதனைக்கு வந்தன. தரை ரேடார் ஒவ்வொரு விமானத்தின் இடத்தையும் வேகத்தையும் கணினிக்குத் தருகிறது. ஓடுபாதையில் ஒரு விமானம் வேகமெடுத்தால், அதன் முன்னுள்ள நுழைவாயில்களில் சிவப்பு தானாகவே எரியும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. இந்த விளக்குகள் அணைந்திருப்பது அனுமதி ஆகாது. அனுமதி அதிகாரியிடமிருந்தே வர வேண்டும்.

ரேடியோவில் அனுமதி கிடைத்திருந்தாலும், எரியும் ஸ்டாப் பாரைத் தாண்டக்கூடாது என்பது விமானிகள் கடைப்பிடிக்கும் அடிப்படை விதி. பேச்சில் பிழை நேர்ந்தாலும் விமானத்தை நிறுத்த அந்தச் சிவப்பு இருக்கிறது. ஆகவே பனி நாள்களுக்கு மட்டும் என ஒதுக்காமல், எல்லா ஓடுபாதை வாசல்களிலும் 24 மணி நேரமும் இதை இயக்குவதே சரி.