தவழ்ந்த மரம் குடையான கதை

ஒட்டு மாங்கன்று எப்படி உருவாக்கப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒட்டுக் கட்டும் கலையினால் உலகெங்கும் பரவிய ஓர் அரிய மரத்தைப் பற்றி இப்போது பார்ப்போம்.

எல்ம் என்பது குளிர்நாட்டுப் பெருமரம். அதில் ஒரு வகை மலை எல்ம். ஐரோப்பாவில் இது 30 மீட்டருக்கு மேலும் நிமிர்ந்து வளரும். ஆனால் 1835–1840 ஆண்டுகளையொட்டி, ஸ்காட்லாந்தில் டண்டி நகரருகே கேம்பர்டவுன் பிரபுவின் காட்டில், விசித்திரமான மலை எல்ம் ஒன்று தென்பட்டது. அது நிமிரவில்லை, முறுக்கிக்கொண்டு தரையில் தவழ்ந்தது! இப்படித் திடீரெனத் தோன்றும் பரம்பரை மாறுதலைச் சடுதிமாற்றம் என்பார்கள்.

விதை போட்டால் இந்த உருவம் மாறாமல் வரும் என்ற உறுதியில்லை. எனவே வனக் காப்பாளர் டேவிட் டெய்லர் அதன் கிளையை வெட்டி, நிமிர்ந்து நின்ற சாதாரண மலை எல்மின் தண்டில் ஒட்டுக் கட்டினார். இரண்டின் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுக்கள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். ஆளுயரத்தில் ஒட்டியதும் கிளைகள் நாற்புறமும் தொங்கி, பச்சைக் குடைபோல் விரிந்தன. இதுவே கேம்பர்டவுன் எல்ம். இன்றும் இதை வளர்க்கும் முறை இதுதான். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை உடனுக்குடன் நீக்க வேண்டும். இல்லையேல் அடிமரம் ஓங்கி, குடையை அமுக்கிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இம்மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் துண்டுகள் அல்லவா? எனவே, ஒன்றின் பலவீனம் அனைத்துக்கும் பொது. 1921-இல் நெதர்லாந்தில் இனங்காணப்பட்ட ஒரு பூஞ்சை நோயைப் பட்டை வண்டுகள் மரத்துக்கு மரம் பரப்புகின்றன. நீர்க்குழாய்கள் அடைபட்டு மரம் வாடுகிறது. 1960-களின் இறுதியில் பரவிய கொடிய வகை, பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம்களை அழித்தது. கேம்பர்டவுன் எல்முக்கும் இந்நோயைத் தாங்கும் வலு இல்லை.

ஆயினும், நியூயார்க்கின் புரூக்ளினில் 1872-இல் நட்ட கேம்பர்டவுன் எல்ம் மனிதர் முயற்சியால் பிழைத்தது. 1960-களில் அது நலிந்தபோது, கவிஞர் மரியான் மூர் அதைப் பற்றிக் கவிதை எழுதினார். மக்கள் நிதி திரட்டிச் சிகிச்சை அளித்தார்கள்.

அடுத்த முறை ஒட்டு மாங்கன்றைக் காணும்போது, தண்டிலுள்ள இணைப்பைத் தேடிப் பாருங்கள். பிறகு சிந்தியுங்கள்: ஒரு தோப்பு முழுவதும் ஒரே தாய்மரத்தின் ஒட்டுகளாக இருந்தால், நன்மை என்ன? ஆபத்து என்ன?