ஒல்லி ஹீரோவும் ஆபரேட்டர் பாயும்

எனக்கு அப்போது பத்து வயது. ஆம்பூரில் எங்கள் தெருப் பையன்களுக்குள் கரன்சி என்பது ரூபாய் இல்லை, துண்டு பிலிம். தியேட்டரில் ரீல் அறுந்தால் வெட்டிப் போடுகிற துண்டுகள் எப்படியோ ஸ்கூல் வாசல் பெட்டிக்கடைக்கு வந்துவிடும். சண்டைக் காட்சி என்றால் விலை ஜாஸ்தி. பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் ஓட்டுவோம். (ஓடாது. நிற்கும்.)

ஒருநாள் நாலு கோலிக்குண்டு கொடுத்து நான் வாங்கின துண்டில் ஹீரோ முருங்கைக்காய் மாதிரி இருந்தார். பக்கத்தில் நின்ற கார்கூட ஒல்லி. சக்கரம் முட்டை வடிவம். ஏமாந்துவிட்டேன் என்று அழுதுகொண்டே தியேட்டர் பின்பக்க இரும்புப் படியேறிப் போய் நியாயம் கேட்டேன்.

அங்கேதான் ஆபரேட்டர் பாய் அறிமுகம். லுங்கி, பனியன், காதில் பென்சில்.

"இன்னா தம்பி, இதுக்கா அழுவுறே? இது ஸ்கோப் படம். உள்ள ஒல்லியாத்தான் இருப்பாரு. இத்த தாண்டி வெளிய போனா குண்டாயிடுவாரு பாரு" என்று ப்ரொஜெக்டர் மூக்கில் மாட்டியிருந்த, சொம்பு அளவு கனமான ஒரு லென்ஸைக் காட்டினார்.

அதுதான் அனமார்ஃபிக் லென்ஸ். விஷயம் எளிது. 35 எம்.எம். பிலிமின் அகலத்தை அதிகமாக்க முடியாது. ஆனால் திரை அகலமாக வேண்டும். என்ன செய்யலாம்? படம் எடுக்கும்போதே குறுக்குவாட்டில் பாதியாகச் சுருக்கிவிடு, உயரத்தைத் தொடாதே. காட்டும்போது அதே மாதிரி ஒரு லென்ஸைத் திருப்பி வைத்து இரண்டு மடங்கு விரித்துவிடு. உயரம் ஒன்று என்றால் அகலம் 2.35.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது இன்னும் சுலபம். ஈரத் தோலை ஓட்டை போட்ட இரும்புத் தகட்டில் போட்டு, சுற்றிலும் கிளிப் மாட்டி இழுத்து உலர்த்துவார்களே, டாகிளிங், அதுதான் இதுவும். சதுர அடி கூடும். என்ன, தோலை இழுத்தால் பையருக்குக் கோபம் வரும். ஹீரோவை இழுத்தால் ரசிகர்கள் விசில் அடிப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆன்ரி க்ரெத்தியென் என்ற பிரெஞ்சு வானியல் விஞ்ஞானி. 1920-களிலேயே செய்து முடித்துவிட்டார். யாரும் சீந்தவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் டெலிவிஷன் வந்து, ஜனங்கள் சோபாவை விட்டு எழுந்திருக்க மறுத்தபோதுதான் ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் கம்பெனிக்கு அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். 1953-ல் 'தி ரோப்' வெளியானது. சினிமாஸ்கோப் பிறந்தது.

பிறந்த குழந்தைக்கு ஒரு வியாதியும் இருந்தது. கேமரா கிட்டே போனால் லென்ஸ் சரியாகச் சுருக்காது. திரையில் முகம் உப்பிவிடும். ஹாலிவுட்டில் இதற்கு வைத்த பெயரே 'சினிமாஸ்கோப் பொன்னுக்குவீங்கி'. கோடிக்கணக்கில் செலவு செய்து ஹீரோயினுக்கு வேப்பிலை அடிக்கவா முடியும்? அப்புறம் பானாவிஷன் கம்பெனி வேறு விதமாக லென்ஸ் செய்து அந்த வீக்கத்தை வற்ற வைத்தது.

நம் நாட்டில் முதல் சினிமாஸ்கோப் படம் குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்', 1959. ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி. படம் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு குரு தத் தன் பெயரில் டைரக்ட் செய்யவே இல்லை. மூர்த்திக்கோ 2008-ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது கிடைத்தது. ஒளிப்பதிவாளர்களில் அதை வாங்கிய முதல் ஆள். தமிழுக்கு ஸ்கோப் வந்தது 1973-ல், ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'ராஜராஜ சோழன்'. நடிகர் திலகத்தின் நடைக்கு அந்த அகலம் தேவைதான் என்று என் அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பாயிடம் வருகிறேன். கார்பன் குச்சி எரிகிற அந்த அறையில் அவர் ஒரு தனி சாம்ராஜ்யம் நடத்தினார். இரண்டு மெஷின். ஒன்றில் ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். இரண்டாவது மெஷினை ஸ்டார்ட் பண்ணு என்று அர்த்தம். சில விநாடி கழித்து அடுத்த புள்ளி, மாற்று. கீழே முந்நூறு பேர் ஒன்றும் தெரியாமல் முறுக்கு தின்றுகொண்டிருப்பார்கள். சாதாரண படம் முடிந்து ஸ்கோப் படம் வந்தால் லென்ஸ் மாற்ற வேண்டும். ஒரே ஒரு தடவை மறந்துவிட்டார். பத்து நிமிஷத்துக்கு கதாநாயகி அகர்பத்தி மாதிரி ஆடினார். செருப்பு பறந்தது. தோல் தொழில் ஊர், செருப்புக்கா பஞ்சம்?

2010-களில் டிஜிட்டல் வந்தது. பிலிம் பெட்டி வருவது நின்றது. பாய்க்கு வேலை போனது. பாக்கி மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதில், "உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கங்க பாய்" என்று பழைய இரும்பைக் காட்டினார்கள். அவர் அந்த லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். மீன் எண்ணெயில் பதம் செய்த மெத்து மெத்தென்ற ஷமாய் தோலில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். கண்ணாடி துடைக்க அதைவிட நல்ல துணி உலகத்தில் கிடையாது என்பார்.

சென்ற வருஷம் எங்கள் ஆபீஸில் ஒரு விபரீதம் நடந்தது. நான் ஷூ கம்பெனி ஒன்றில் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் பார்க்கிறவன். கம்ப்யூட்டர் செக்ஷன் பையன் ஒருவன் வந்து, "அண்ணே, ஷார்ட் பிலிம் எடுக்கறோம். ஸ்கோப்ல" என்றான். சென்னையில் வாடகை விசாரித்திருக்கிறான். ஆரியும் ஜைஸும் சேர்ந்து செய்த மாஸ்டர் அனமார்ஃபிக், இங்கிலாந்து குக் என்று பெரிய பெரிய ஜாதி லென்ஸ்கள். ஒருநாள் வாடகை கேட்டு எனக்கு ப்ரஷர் மாத்திரை ஞாபகம் வந்தது.

அந்த லென்ஸ்களின் கழுத்தில் பல் சக்கரம் வெட்டியிருக்கும். அதில் ஒரு குட்டி மோட்டார் பல்லோடு பல் பொருத்தி நிற்கும். ஃபோகஸ் புல்லர் என்கிற ஆசாமி கேமரா பக்கமே வராமல், தூரத்தில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து கையிலுள்ள குமிழைத் திருப்பினால் வயர் இல்லாமல் லென்ஸ் திரும்பும். ஹீரோ நாலு அடி நடந்து வந்தால் நாலு அடியும் ஷார்ப்பாக இருக்க வேண்டும். அனமார்ஃபிக்கில் ஷார்ப்பாக இருக்கிற இடமே ஒரு சாண். கொஞ்சம் பிசகினால் கண் தெளிவாக இருக்கும், காது ஆவியாகிவிடும்.

"நம்ம பாய்கிட்ட ஒரு லென்ஸ் இருக்கு" என்று உளறிவிட்டேன்.

பழைய ப்ரொஜெக்டர் லென்ஸைத் திருப்பி சாதாரண கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டிப் படம் எடுப்பது இப்போது உலகம் முழுக்க இளைஞர்களின் பைத்தியமாம். அதற்காகவே தேடி வாங்குகிறார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே பாயிடம் விலை பேசிவிட்டிருந்தார். பேரனுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். அடுத்த திங்கள்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு.

"ஞாயித்துக்கெழம எட்த்துக்குங்க. ஆனா நானும் கூட வருவேன்" என்றார் பாய்.

இடம், மணல் கூட மிச்சமில்லாத பாலாறு. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரின் கேமரா. 85 எம்.எம். லென்ஸ்; அதைவிடக் குறைவாகப் போட்டால் நாலு மூலையும் கறுத்துவிடுகிறது. அதன் முன்னால் பாயின் சொம்பு. லென்ஸ் நேராக நிற்கிறதா என்று பார்க்க எதிரே செல்போன் டார்ச் அடித்தோம். திரையில் குறுக்கே ஒரு ஒளிக்கோடு நீண்டது. கோடு சாய்ந்தால் லென்ஸும் சாய்வு. பாய் விரல் நுனியால் ஒரு மயிரிழை திருப்பினார். கோடு படுத்தது.

பையன் சென்னையிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்திருந்த மோட்டாரைப் பாயின் லென்ஸில் பெல்ட் மாதிரி பல் வளையம் கட்டி மாட்டினான். ஸ்விட்ச் போட்டான். இந்த மோட்டார்களுக்கு ஒரு குணம். முதலில் லென்ஸை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, எங்கே முட்டுகிறது என்று தானே அளந்துகொள்ளும். புதிய லென்ஸ்களில் முட்டும். பாயின் லென்ஸில் அந்த முட்டு ஸ்க்ரூ எப்போதோ விழுந்துவிட்டது. மோட்டார் திருப்பியது. முட்டவில்லை. இன்னும் திருப்பியது. முன்பக்கக் கண்ணாடி மரையை விட்டு முழுசாகக் கழன்று வெளியே வந்தது.

கீழே பாறை.

நாங்கள் மூன்று பேரும் "ஐயோ" என்று வாயைத் திறந்துகொண்டு நின்றோம். அறுபத்தைந்து வயது மனுஷன், இரண்டு கையையும் கோயில் பிரசாதம் வாங்குவதுபோல் நீட்டிப் பிடித்துவிட்டார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பையனுக்குக் கண்ணில் தண்ணீர். பேரன் காலேஜ் பீஸ் அந்தக் கையில் இருந்தது என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

பாய் ஷமாய் தோலால் துடைத்தார். மரையைப் பிடித்து மறுபடி திருகினார். "மோட்டார கழட்டி பையில வையி. அதுக்கு எங்க நிக்கணும்னு தெரில" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது பிரச்னை, இரண்டு லென்ஸுக்கும் தனித்தனியாக ஃபோகஸ். இரண்டும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். பாய் சொம்பைப் பிடித்தார்; பையன் கேமரா லென்ஸைப் பிடித்தான். "நான் தலை ஆட்டினா ரெடி. 'ம்' சொன்னா திருப்பு" என்றார். இரண்டு புள்ளிகள்! முப்பது வருஷம் அதைத்தானே செய்தார். மூன்றாவது டேக்கில் எங்கள் மானேஜர் (அவர்தான் வில்லன், சம்பளம் இல்லாமல் நடிக்க வேறு யார் கிடைப்பார்கள்?) ஆற்றங்கரையிலிருந்து கேமரா வரை நடந்து வந்தார். ஓர் அடிகூட மங்கவில்லை. பின்னால் ஹைவே பிரியாணிக்கடை சீரியல் லைட்டுகள் நீள நீளமாக முட்டை முட்டையாக மிதந்தன. இந்த லென்ஸில் பின்னணி விளக்கெல்லாம் அப்படித்தான் தெரியும்.

ராத்திரி பாய் போனில் பெங்களூர்க்காரரிடம் பேசுவது காதில் விழுந்தது. "அடுத்த மாசம் பாக்கலாம் சார். பசங்களுக்கு ரெண்டு சீன் பாக்கி கீது." இரண்டு சீன் பாக்கி இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது. பீஸுக்கு முதல் தவணையை நாங்கள் ஆபீஸில் சீட்டு எடுத்துச் சமாளித்தோம். அவர் அதைக் கடன் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

போன வாரம் மதிய இடைவேளையில் லாப்டாப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினோம். இரண்டு மடங்கு விரித்தால் படம் இடுப்பு பெல்ட் மாதிரி நீண்டுவிடுகிறது என்று பையன் பக்கங்களை வெட்டி வைத்திருந்தான். ஆனால் அவசரத்தில் விரிக்காத ஃபைலை ஓடவிட்டான். திரையில் மானேஜர் முருங்கைக்காய். தொப்பை இல்லை. இரட்டை நாடி இல்லை.

பையன் பதறிப்போய் நிறுத்தினான். "ஸாரி சார், இப்ப சரி பண்ணிடறேன்."

மானேஜர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எதுக்குப்பா? அப்படியே விட்டுடேன்."