கை தடித்தால் காசநோயா?

கோவண்டியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று. அதில் ஆறு பேர். இரவு வேலைக்குப் போகிறவர்கள் பகலில் தூங்குவார்கள். பகல் வேலைக்காரர்கள் இரவில் தூங்குவார்கள். அவர்களில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால்?

மற்ற ஐந்து பேரின் கதி என்ன?

சிவாஜி நகரிலும் பைங்கன்வாடியிலும் இந்தக் கேள்வி பல அறைகளில் எழுகிறது. நெரிசலும் காற்றோட்டம் இல்லாமையும் சேர்ந்து, மும்பையில் காசநோய் அதிகமுள்ள பகுதிகளில் ஒன்றாகக் கோவண்டியை ஆக்கிவிட்டன.

பழைய ஊசி

கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று அறிய நெடுங்காலமாக ஓர் ஊசி உண்டு. அதன் பெயர் மாண்டூ. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதச் சாற்றை முன்கையில் தோலுக்குள் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்தால், உடல் அந்தக் கிருமியை முன்பே அறிந்திருக்கிறது என்று பொருள்.

நோய் வந்துவிட்டது என்று பொருள் அல்ல. கிருமி புகுந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கே பிற்காலத்தில் நோய் வருகிறது.

இதில் ஒரு சிக்கல். அந்தச் சாறு பல புரதங்களின் கலவை. பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியிலும் அவற்றில் பல இருக்கின்றன. ஆகவே பி.சி.ஜி. போட்டவருக்கும் கை தடிக்கலாம்.

அடையாள அணிவகுப்பு

1990-களில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர விஞ்ஞானிகள் இதற்கு வழி தேடினர். கிருமியைத் திரவத்தில் வளர்த்து, அது வெளிவிடும் புரதங்களைத் தனித்தனியே பிரித்தனர். ஒவ்வொன்றையும் நோய் எதிர்ப்பு அணுக்களிடம் காட்டினர். தெரிந்த எதிரி என்றால் அணுக்கள் இண்டர்பெரான் என்ற பொருளைச் சுரக்கும். போலீசார் நடத்தும் அடையாள அணிவகுப்பு போலத்தான்!

அப்படி அகப்பட்டவற்றில் இரண்டு, இசாட்-6, சி.எப்.பி.-10. இவை பி.சி.ஜி. கிருமியில் இல்லை. பிரான்சில் 1921 வரை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்தபோது, இவற்றுக்கான மரபுத் துண்டை அது இழந்துவிட்டது.

இந்த இரண்டையும் கொண்டு புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் 'சைடிபி' ஊசிக்கு 2022-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. பி.சி.ஜி. போட்டதால் இந்த ஊசி ஏமாறுவதில்லை.

தழும்பு காக்குமா?

'தோளில் தழும்பு இருக்கிறது, நமக்கு வராது' என்று இருந்துவிடக் கூடாது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வராமல் காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது.

செய்ய வேண்டியது

புதிய ஊசியும் கிருமி புகுந்ததைத்தான் சொல்லும். நோய் உண்டா என்பதைச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் இல்லாத அறைவாசிகளுக்கு வருமுன் காக்கும் மாத்திரை உண்டு.

பலர் செய்யும் தவறு, நோயாளியை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவது. மருந்து பாதியில் நின்றால், பிறகு அந்த மருந்துக்கே கிருமி அடங்காமல் போகலாம். ஊருக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் போனால், ஊரிலேயே மருந்து தொடரும்.

நோயாளி போய்விட்டால் கிருமியும் போய்விடாது. மற்ற ஐவரும் பரிசோதனைக்குப் போவதே அந்த அறைக்குப் பாதுகாப்பு.