ஓய்வு மட்டும் தீர்க்காத வலி

இரவெல்லாம் படுத்து எழுந்த காலில் வலி குறைந்திருக்க வேண்டும். குதிகால் வலி நோயான குதிவாதத்தில் நடப்பது நேர் எதிர். கட்டிலை விட்டு இறங்கித் தரையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலுக்கு அடியில் சுருக்கென்று குத்துகிறது. சுவரைப் பிடித்து, விரல்களில் ஊன்றி, நொண்டி நொண்டி நாலு எட்டு வைத்தால் சற்று இளகுகிறது. காலை வேலைகளின் நடுவே மறந்தும் போகிறது. பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே குத்தல். மாலையில், நாளெல்லாம் நின்ற களைப்போடு சேர்ந்து, கடுப்பாகத் திரும்பி வருகிறது.

ஓய்வுக்குப் பின் கூடி, நடந்தால் குறையும் இந்த வழக்கமே நோயைக் காட்டிக்கொடுக்கும் முதல் தடயம். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது என்கின்றன மருத்துவ நூல்கள். 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம் அதிகம். உயிருக்கு ஆபத்தில்லை என்பதாலேயே வீட்டிலும் வேலையிடத்திலும் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வலியைச் சுமப்பவர் மட்டும் மாதக்கணக்கில் ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி வைக்கிறார். அவருக்குச் சொல்ல நல்ல செய்தி உண்டு. பெரும்பாலோருக்கு இது அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே தீரும். ஆனால் படுத்துக் கிடந்தால் தீராது. ஏன் என்று புரிய, பாதம் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

விரல் நிமிர்ந்தால் வளைவு உயரும்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. நடக்கும்போது அவை அடுத்தடுத்து இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்தாக வேண்டும். தரையைத் தொடும் கணத்தில் பாதம் நெகிழ்ந்து, மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தன்னை அமர்த்தி, உடல் எடையை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கணமே இறுகி, உடலை முன்னே உந்த வேண்டும்.

இந்த மாற்றத்தை நடத்துவது உள்ளங்காலின் அடியில் ஓடும் ஒரு தடித்த நார்ப்பட்டை. குதிகால் எலும்பின் அடியில், உள்பக்கமாக ஒரு சிறு மேட்டில் அது தொடங்குகிறது. பாதத்தின் நீளத்துக்கு விரிந்து, ஐந்து கிளைகளாகப் பிரிந்து, ஐந்து விரல்களின் அடியில் போய்ப் பற்றுகிறது. மருத்துவர்கள் ‘பிளான்டர் ஃபேசியா’ என்பார்கள். இங்கே பாதப்பட்டை என்றே சொல்வோம். கொலாஜன் இழைகளால் ஆன இது தசையைப் போலச் சுருங்கி விரியாது, மிகக் கொஞ்சமே நீளும். பாதத்தின் வளைவு சரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது இதுதான்.

பிரிட்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜே. எச். ஹிக்ஸ் 1954-இல் இந்தப் பட்டையின் நுட்பத்தை விளக்கினார். கப்பலில் நங்கூரக் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் பொறியோடு அதை ஒப்பிட்டார். நடையில் குதிகால் தரையை விட்டு எழும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. விரல்களின் அடியில் பற்றியிருக்கும் பட்டை, முன்பாத எலும்புகளின் உருண்டையான தலைகளைச் சுற்றி இழுபடுகிறது. முன்புறம் இழுபட்ட அளவுக்குக் குதிகாலும் முன்பாதமும் ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் வளைவு உயரும், பாதம் இறுகும். நேராக நின்றுகொண்டு, உங்கள் கால் பெருவிரலை மட்டும் இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளங்கால் வளைவு தானாக எழும்புவது கண்ணுக்கே தெரியும்.

பழுது எங்கே?

எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் இந்த இழுப்பு நடக்கிறது. இழுப்பு வந்து முடியும் இடம் குதிகாலின் உள்பக்க மேடு. அங்கே நுண்ணிய இழைகள் சேதப்படுவதும், உடல் அவற்றைச் சீர்செய்வதும் இயல்பான வேலை. சேதம் சீரமைப்பை முந்தினால் வலி தொடங்குகிறது.

நீண்ட காலம் இதை அழற்சி என்றே கருதி, அதற்குரிய மருந்துகளையே முதலில் கொடுத்தார்கள். ஹார்வி லெமான்ட் என்ற அமெரிக்கப் பாத மருத்துவரும் அவருடைய குழுவினரும் குதிகால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். அழற்சிக்கான அடையாளம் அவற்றில் இல்லை. கொலாஜன் இழைகள் ஒழுங்கு குலைந்து, சிதைந்து காணப்பட்டன. நாட்பட்ட குதிவாதத்தில் பட்டை தடித்தும் போகிறது. ஸ்கேனில் அதன் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

காலையில் வரும் வலிக்கும் பட்டையின் இழுப்பிலேயே விடை இருக்கிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, பட்டை பல மணி நேரம் தளர்ந்து குறுகிய நிலையில் கிடக்கிறது. எழுந்த உடனே முழு எடையும் ஏறி அதைத் திடீரென்று இழுக்கிறது.

எக்ஸ்ரேயில் தெரியும் குதிமுள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு வளர்ந்து குத்துவதால்தான் வலி என்று பலர் அஞ்சுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. கடும் வலி உள்ள பலருக்கு அது இல்லை. வலி நீங்கிய பிறகும் முள் அங்கேயே இருக்கும். படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

யாருக்கு வருகிறது?

அமெரிக்காவில் டேனியல் ரிடில் குழுவினர் செய்த ஆய்வு, அதுவும் 2003-இல் வந்ததுதான், மூன்று காரணங்களைத் தனித்தனியே சுட்டிக்காட்டியது: கணுக்காலை மேல்நோக்கி மடக்க முடியாத இறுக்கம், உடல் பருமன், நாளின் பெரும்பகுதி நின்றே செய்யும் வேலை. இவற்றில் மிக வலுவானது முதல் காரணம். கெண்டைக்கால் சதை இறுகியிருந்தால் கணுக்கால் மடங்காது, அந்தக் குறையை ஒவ்வோர் அடியிலும் பாதப்பட்டை ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

பழக்கமில்லாத உடலுக்கு ஒரேயடியாகச் சுமை கூடுவதும் காரணமாகலாம். வருடம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றி வருபவரின் குதிகாலுக்கு அது பெரிய சுமை. போக விரும்புபவர் சில வாரங்களுக்கு முன்பிருந்தே நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருவது நல்லது.

நீட்டுவது முதல் பாதி

படுக்கையை விட்டு இறங்கும் முன்பே முதல் பயிற்சியைச் செய்ய வேண்டும். வலிக்கும் காலை மற்றொரு தொடையின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளையுங்கள். மறு கையின் விரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை விறைத்து நிற்பது தட்டுப்படும். அப்படியே பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். இதுபோலப் பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. நெடுநேரம் உட்கார்ந்து எழும் முன்பும் செய்யலாம். நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் பெனடிக்ட் டிஜியோவானி குழுவினர் நாட்பட்ட வலியுள்ள 101 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படிப் பாதப்பட்டையை நீட்டியவர்களுக்கு எட்டு வாரத்தில் முதல் அடி வலி நன்றாகக் குறைந்தது.

கெண்டைக்காலையும் விட்டுவிடக் கூடாது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை. இரண்டு நிலைகளிலும் வெவ்வேறு தசைகள் நீளும் என்பதால் இரண்டுமே வேண்டும்.

வலுவூட்டுவது மறு பாதி

இழை குலைந்த திசு மறுபடி ஒழுங்குபட அதற்கு வேலை வேண்டும். அளந்து கொடுக்கும் சுமையே அந்த வேலை. டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள்.

பயிற்சிக்குத் தேவை ஒரு படிக்கட்டும் ஒரு துண்டும். துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன் மேல் நிமிர்ந்திருக்குமாறு முன்பாதத்தால் நிற்க வேண்டும். கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். மூன்று விநாடியில் குதிகாலை மெதுவாக உயர்த்தி, மேலே இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். பன்னிரண்டு முறை ஒரு சுற்று, மூன்று சுற்றுகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒற்றைக் காலில் முடியாதவர் இரு கால்களிலும் நின்று தொடங்கலாம். எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் புத்தகங்களை வைத்து எடையைக் கூட்டலாம். விரல்களைத் துண்டால் நிமிர்த்தி வைப்பது ஹிக்ஸ் சொன்ன அதே இழுப்பை வரவழைத்து, சுமையைப் பாதப்பட்டைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கத்தான்.

மூன்று மாத முடிவில், நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒரு வருட முடிவில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தன. ஆக, வலுவூட்டும் பயிற்சி குணத்தை விரைவுபடுத்துகிறது. பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நடையையும் ஓட்டத்தையும் இந்த மாதங்களில் சுருக்கிக்கொள்ளுங்கள். பாதத்தில் எடை ஏறாத நீச்சலும் சைக்கிளும் தொடரட்டும்.

செருப்பும் தரையும்

நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. உள்ளே கிரானைட், மார்பிள், டைல்ஸ். சமையலறையில் மணிக்கணக்கில் வெறுங்காலோடு நிற்பவருக்கு வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ள மெத்தென்ற ஒரு ஜோடி செருப்பு அவசியம். தேய்ந்து தட்டையான ஹவாய் செருப்பு உதவாது. மருந்துக்கடையில் கிடைக்கும் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்பைப் பலர் வாங்குகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்க, 1950களில் இந்தச் செருப்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ரப்பர் அழுத்தத்தை ஒரே இடத்தில் குவிய விடாமல் பரப்புகிறது. குதிவாதத்துக்கு அதோடு வளைவையும் தாங்கும் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. சிலிக்கான் ஹீல் பேடும் சிலருக்கு உதவும். அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த உள்தட்டுகள், கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றைவிடப் பெரிதாக மேம்பட்டவை என்று ஆய்வுகள் காட்டவில்லை.

எருக்கிலை, ஊசி, அதிர்வலை

சூடாக்கிய செங்கல்லின் மேல் எருக்கிலையை வைத்து, அதில் குதிகாலை ஊன்றி எடுப்பது நம் பாட்டிமார் கைவைத்தியம். சூடு இறுக்கத்தைத் தளர்த்தி வலியை ஆற்றும். அந்தச் சுகத்தோடு பயிற்சியைத் தொடங்கினால் பலன் உண்டு. ஆனால் குலைந்த இழைகளைச் சூடு சீர்செய்யாது. சர்க்கரை நோயால் பாத உணர்வு மங்கியவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுடுவது தெரியாமல் வெந்த புண் ஆறாத புண்ணாகிவிடும்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். பிறகு பலருக்கு வலி திரும்புகிறது. திரும்பத் திரும்பப் போட்டால் பாதப்பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் இயற்கையான கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் அசையாத வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000-இல் இதற்கான கருவிக்கு அனுமதி அளித்தது. பட்டையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவை, எல்லா வழிகளும் பலிக்காத மிகச் சிலருக்கு மட்டும்.

எல்லாக் குதிகால் வலியும் குதிவாதம் அல்ல

இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி, மரத்துப்போதல், எரிச்சல், வீக்கம், காய்ச்சல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். குதிகாலின் இரு பக்கங்களையும் அழுத்தினால் கடுமையாக வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். இளம் வயதில் இரு குதிகால்களிலும் வலியும், காலையில் நெடுநேரம் முதுகுப் பிடிப்பும் சேர்ந்து வந்தால் அது முதுகெலும்பு வாத நோயாக இருக்கலாம். ‘படக்’கென்று சத்தம் கேட்டு உள்ளங்காலில் ரத்தம் கட்டினால் பட்டை அறுந்திருக்கலாம்.

நிற்பவர்களுக்கு நாற்காலி

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் ஒரு பெண், காலையில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் பகலெல்லாம் புதிய சேதத்தைச் சுமக்கிறார். கேரளத்தில் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018-இல் அதைச் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாடும் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. குதிவாதத்துக்கு நின்றே செய்யும் வேலை ஒரு காரணம் என்று மருத்துவம் காட்டியிருக்கிறது. ஆகவே அந்த இருக்கையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர் அதில் உட்கார்ந்தால் முதலாளி முகம் சுளிக்காதிருக்க வேண்டும். உங்களிடம் வேலை செய்பவர்கள் யாராவது நொண்டி நடந்தால், இன்றே காரணத்தைக் கேட்டு, ஒரு நாற்காலி போட்டுக்கொடுங்கள்.