தாய் ராகம் யாருக்குத் தாய்?

'தாய் ராகம்' என்று சொன்ன மாத்திரத்தில் தாய் முன்னால் பிறந்தது, பிள்ளை பின்னால் பிறந்தது என்று நம்பிவிடுகிறோம். நடந்தது தலைகீழ். இந்துஸ்தானி ராகங்களைப் பத்துத் 'தாட்'டுகளுக்குள் வகைப்படுத்தியவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860-1936). அந்த ராகங்களில் பல அவருடைய பாட்டன் காலத்துக்கும் முந்தியவை. தாட் என்றால் சட்டகம்; சித்தாரில் மெட்டுகளை நகர்த்தி வைக்கும் அமைப்புக்கும் அதே பெயர்தான். ஏழு சுரங்களும் வரிசையாக இருக்க வேண்டும், அவ்வளவே. தாட்டை யாரும் பாடுவதில்லை. தெற்கே இதற்கு இணையான மேளத்தை வடமொழியில் 'ஜனகம்' என்றார்கள், அதாவது பெற்றது; தமிழில் தாயாக்கினோம். எப்படியோ ரத்த உறவு வந்து ஒட்டிக்கொண்டது.

பூபாலியை எடுத்துக்கொள்வோம். ஸ ரி க ப த, ஐந்தே சுரம். ம, நி இரண்டும் இல்லாததால் அது எந்தச் சட்டகம் என்று சுரத்தை எண்ணிச் சொல்ல முடியாது. பாத்கண்டே அதைக் கல்யாண் தாட்டில் வைத்தார். அதே ஐந்து சுரங்களை உடைய தேஷ்காரை பிலாவல் தாட்டில் வைத்தார். பூபாலி காந்தாரத்தில் ஊன்றும், தேஷ்கார் தைவதத்தில் ஊன்றும், நடைதான் வேறு. தெற்கே இதே சுரங்கள் மோகனம். அதற்குத் தாய் அரிகாம்போதி, வடக்கே சொன்னால் கமாஜ். ஒரே ஐந்து சுரத்துக்கு மூன்று தாய்! ஆக, தாய் யார் என்பது பதிவேடு எழுதுகிறவர் காதைப் பொறுத்தது.

அந்தப் பதிவேட்டுக்கு மாதிரி தெற்கில் இருந்தது. 1904இல் பாத்கண்டே எட்டயபுரம் வந்து சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 72 மேளக் கணக்கை ஆராய்ந்தார். 17ஆம் நூற்றாண்டு வேங்கடமகியோ 72 என்று கணக்கிட்டாலும் தன் காலத்தில் வழங்கியவை 19 என்றுதான் சொன்னார். மிச்சமெல்லாம் காலிக் கட்டங்கள்.

சிலப்பதிகாரத்து ஏழு பாலைகளின் தர்க்கம் வேறு. ஒரு பாலையின் அடுத்த சுரத்தைக் குரலாக, அதாவது ஆதார சுரமாகக் கொண்டால் இன்னொரு பாலை பிறக்கும். செம்பாலை என்பது அரிகாம்போதி என்ற ஆய்வாளர் கருத்தை ஏற்றால், இப்படிப் பண்ணுப்பெயர்த்தே பாத்கண்டேயின் பத்தில் ஆறு கிடைத்துவிடுகிறது: கமாஜ், ஆசாவரி, பிலாவல், காஃபி, பைரவி, கல்யாண். இங்கே தாய் என்று தனியாக ஒருத்தி இல்லை. வட்டத்தில் நிற்கிற எந்தச் சுரமும் குரலாகலாம். இதை வைத்து 'எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்' என்று மார்தட்டுவதும் இன்னொரு பட்டா கேட்கிற வேலைதான்.

இந்தக் கணக்கு நம் பக்கத்துப் பாடல்களை என்ன செய்கிறது? வானூர் வட்டத்து இரும்பை மாகாளத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் செவ்வழிப் பண். ஓதுவார்களுக்கு அது யதுகுலகாம்போதி. அதற்குத் தாய் என்று காட்டப்படுவது 28ஆவது மேளம். மேளக் கணக்கே பதிகத்துக்குச் சுமார் ஆயிரம் வருஷம் பிந்தியது. (சம்பந்தர் பாடிய ஒலி இன்றைய யதுகுலகாம்போதியேதான் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது; அது தனி விவகாரம்.) கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்கு அவர் பாடியது பஞ்சமம், இன்று ஆகிரி. ஆகிரியில் ஒரே சுரத்தின் இரு வகையும் வந்து போகும், எந்தக் கட்டத்திலும் முழுசாக அடங்காது. சில நூல்கள் அதை 8ஆவது மேளத்தில் வைக்கின்றன, சில 14ஆவதில். பட்டா யார் பேரில் என்று இன்னும் தீரவில்லை. ஓதுவார் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்.