மாற்றுத் திறப்பு யார் கையில்?

வீட்டுத் திறப்பு தொலைந்துவிட்டால் என் செய்வது என்றஞ்சி, மாற்றுத் திறப்பு ஒன்றைச் செய்து வைத்திருப்பது நம்மவர் வழக்கம். வழக்கம் நன்றே. ஆனால், அம்மாற்றுத் திறப்பை வாயிற்படியில் வைத்துவிட்டால், கதவிற் போட்ட பூட்டினாற் பயன் யாது? 2022 ஆம் ஆண்டில் இணையத்தள உலகில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்வினாவையே எழுப்பிற்று.

இணையத்தளங்களை எளிதில் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் 2003 ஆம் ஆண்டு தோன்றியது. பாடசாலைகள், சங்கங்கள், கடைகள் எனப் பலவும் அதனைக் கொண்டு தத்தம் தளங்களை நடத்துகின்றன. அதில் இல்லாத வசதிகளை வேண்டுவோர், 'பிளகின்' எனப்படும் செருகுநிரல்களைச் சேர்த்துக்கொள்வர். அவற்றுள் ஒன்றே அப்டிராஃப்ட்பிளஸ். தளம் பழுதுற்றால் மீண்டும் அமைத்துக்கொள்ளும்பொருட்டு, அதன் காப்புப் பிரதியை எடுத்து வைப்பதே இதன் தொழில். 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இதனை நம்பியிருந்தன.

கேட்க மறந்த கேள்வி

ஒரு தளத்தில் நிர்வாகியும் இருப்பார். கருத்துக் கூறவோ பொருள் வாங்கவோ பெயர் பதிந்துகொண்ட சாதாரண உறுப்பினரும் இருப்பர். காப்புப் பிரதி நிர்வாகிக்கு மாத்திரமே உரியது. அப்பிரதியைப் பற்றிய தகவலை இச்செருகுநிரலிடம் கேட்டபொழுது, கேட்பவர் நிர்வாகிதானா என்பதை அது சரிவரச் சோதிக்கவில்லை. உள்நுழைந்த எவருக்கும் பிரதியின் இரகசியக் குறியீட்டை வழங்கிவிட்டது. அக்குறியீட்டைப் பெற்றவர், அடுத்திருந்த சோதனையையும் ஏமாற்றி, முழுப் பிரதியையும் இறக்கிக்கொள்ள இடமிருந்தது. தெருவிற் செல்லும் அந்நியர் இதனைச் செய்தல் இயலாது. தளத்தில் ஒரு கணக்கு வேண்டும். ஆயினும், எவரும் இலவசமாகக் கணக்குத் திறக்கக்கூடிய தளங்கள் எத்தனை!

அப்பிரதியில் இருப்பவை யாவை? உறுப்பினரின் பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள், தரவுத்தளத்தின் கடவுச்சொல் முதலியன இருக்கக்கூடும். உறுப்பினரின் கடவுச்சொற்கள் உருமாற்றியே வைக்கப்படுகின்றன என்பது உண்மை. எனினும், பிறந்த திகதியையும் பிள்ளையின் பெயரையும் கடவுச்சொல்லாக வைத்திருப்போருக்கு அவ்வுருமாற்றம் போதிய காவலன்று. அதே சொல்லைத் தமது மின்னஞ்சலுக்கும் வைத்திருப்போர் நிலை இன்னும் பரிதாபமானது.

ஜெட்பாக் பாதுகாப்புப் பிரிவினைச் சேர்ந்த ஆய்வாளர் மார்க் மொன்பாஸ் இக்குறையைக் கண்டு, ஆக்கியோருக்கு அறிவித்தார். 1.16.7 முதல் 1.22.2 வரையான பதிப்புகள் இதற்கு உள்ளாகியிருந்தன. பெப்ரவரி 16 ஆம் திகதி திருத்திய 1.22.3 ஆம் பதிப்பு வெளியாயிற்று. வழக்கமாகப் புதுப்பித்தல் தள உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்படும். இம்முறை, ஆபத்தின் கடுமை கருதி, வேர்ட்பிரஸ் பீடமே அதனைத் தளங்களிற் கட்டாயமாகப் புகுத்தியது.

நாம் கற்கவேண்டியது

பாதுகாப்புக்கென வைத்த பொருளிலேயே துளை விழுந்தமைதான் இச்சம்பவத்தின் விந்தை. பிரதியும் மூலத்தைப் போலவே பெறுமதியுடையது என்பதை நாம் மறத்தலாகாது. தளம் நடத்தும் சங்கத்தார் செருகுநிரல்களைக் காலந்தவறாது புதுப்பித்தல் வேண்டும். வேண்டாத பழைய கணக்குகளை நீக்குதல் வேண்டும். இல்லத்தவர் ஒவ்வோரிடத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைத்தல் நலம்.

கணினி கற்கும் மாணவருக்கு ஒரு வார்த்தை. "நீ யார்?" என்று கேட்பது காவலின் பாதியே. "இதனைப் பெற உனக்கு உரிமை உண்டா?" என்று கேட்பது மறுபாதி. அம்மறுபாதியை மறந்தமையாலேயே இத்தனை இலட்சம் தளங்கள் ஆபத்துக்குள்ளாயின.